மஞ்சளா, துருவா?

வெள்ளிக்கிழமை காலை. பாலத்துக்கு ஏறும் சிமிட்டிச் சரிவின் அடியில் நிற்கிறேன். இடுப்பில் கைக்குழந்தை. முந்தானையில் எலுமிச்சம்பழங்கள். என் தலைக்கு மேலே, கையை உயர்த்தினால் தொடுகிற உயரத்தில், சரிவின் அடிப்பக்கம். அதில் அங்கங்கே சிவப்புச் சிவப்பாகத் திட்டுகள்.

எதிரே என் கணவர் கையில் சின்னச் சுத்தியலோடு நிற்கிறார். எங்கள் இருவருக்கும் நடுவில் மீன்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர். தரையில் விரித்த பழம்புடவைகளில் அவர்களுடைய குழந்தைகள் கை கால்களை உதைத்துக்கொண்டு கிடக்கின்றன.

அந்தச் சிவப்பு என்ன என்பதுதான் கேள்வி. என் கணவருக்கு மேலான பெரிய இஞ்சினியர் ஒன்று சொல்லியிருந்தார். மீன்காரத் தேசம்மா ஒன்று சொல்லியிருந்தாள். நான் ஒன்று சொல்லியிருந்தேன். சொல்லியே ஆகவேண்டியவர் என் கணவர். அவர் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

சென்ற வாரம் எழுதியதை, ராயபுரத்தில் எங்களுக்கு வாடகை வீடு கிடைத்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அதற்கும் இந்த வெள்ளிக்கிழமைக்கும் நடுவில் ஒரு பிரசவம் இருக்கிறது. அதை எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஆகையால் தாண்டிவிட்டேன்.

ஏத்தம்

ரயில் பாதைகளுக்கு மேலே போகிற பாலத்தில் ஏறுவதற்காகக் கட்டிய சரிவு அது. பெரிய யுத்தத்துக்கு முன்பே கட்டினது என்பார்கள். இல்லை, யுத்தம் முடிந்து கட்டினது என்று சண்டை பிடிப்பவர்களும் உண்டு. எதுவானாலும் கடற்காற்றில் நின்று நின்று அதற்கு வயசுக்கு மீறின மூப்பு வந்திருந்தது.

என் கணவர் வாயில் அது ‘ராம்ப்’. ஊர் வாயில் அது ‘சிமிட்டி ஏத்தம்’. ஏறுகிறவர்களுக்கு மட்டும் அல்ல, இறங்குகிறவர்களுக்கும் அது ஏத்தம்தான். “ஏத்தம் எறங்கி வந்துகினு இருந்தேனா...” என்று அவர்கள் பேசுவது வந்த புதிதில் எனக்குச் சிரிப்பாக இருக்கும். பிறகு நானும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

சாலைகளையும் பாலங்களையும் கவனிக்கிற இலாகாவில் என் கணவர் ஓவர்சியர். வேலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்த மனிதர். வந்த சில நாட்களிலேயே ஏத்தம் அவர் பொறுப்பாயிற்று.

ஏத்தம் கட்டுவதற்கு முன்னால் எல்லாரும் தண்டவாளத்தின்மேல்தான் நடந்து கடந்தார்களாம். நிற்கிற கூட்ஸ் வண்டிகளுக்கு அடியில் குனிந்து, மீன் கூடையைத் தள்ளிவிட்டுப் பிறகு தானும் நுழைந்து அந்தப் பக்கம் போவார்களாம். நிற்கிற வண்டி நகராது என்று யார் சொல்ல முடியும்? தேசம்மாவின் நாத்தனார் ஒரு காலோடுதான் இருந்தாள். அவள் காலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். “அது ஏத்தம் இல்லாத காலம்” என்பார்கள், அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஏத்தம் பலவீனமாக இருந்தால் மூடவேண்டும்; மூடினால் இந்தப் பெண்கள் மறுபடியும் வண்டிக்கு அடியில் குனிய வேண்டும். பலவீனமாக இருந்து மூடாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் எனக்குப் பயமாக இருந்தது.

பால் வடியும் இடம்

எனக்குப் பால் போதவில்லை. குழந்தை குடித்துவிட்டு அழும். அழுகிறதே என்று எடுத்தால் குடிக்காது. பசும்பாலைத் தண்ணீர் விட்டுக் காய்ச்சி, பிறந்த வீட்டில் கொடுத்த வெள்ளிப் பாலாடையில் ஊற்றிப் புகட்டுவேன். தண்ணீர் அதிகமோ, பால் அதிகமோ, சூடோ, ஆறிவிட்டதோ என்று ஒவ்வொரு முறையும் குழப்பம். எட்டாம் வகுப்பு வரை படித்ததில் இதற்குப் பாடம் ஒன்றும் இல்லை.

தேசம்மா எங்கள் தெருவில் மீன் விற்கிறவள். பெரிய குரல், பெரிய கூடை. ஒரு நாள் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் குழந்தையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“இன்னா ஓர்சியரம்மா, கொயந்த இப்டி வாடிகினு கீது? பால் இல்லியா?”

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. “கொஞ்சம் கம்மி” என்றேன்.

“கம்மின்னு சொல்லிகினு குந்திகினு இருந்தா வந்துடுமா? இந்தா, பால் சொறா. பூண்டு நெறைய போட்டு, புட்டாட்டம் உதுத்து துன்னு.”

சுறாவைத் தின்றேன். பூண்டும் தின்றேன். நாலைந்து நாள் கழித்து, “இன்னும் இல்லியா? அப்ப ஆத்தாகிட்டதான் போவணும். வா” என்று அழைத்துப் போனாள்.

கோயிலுக்கு என்று நினைத்துத் தலை குளித்துவிட்டுப் போனேன். அவள் அழைத்துப் போனது ஏத்தத்தின் அடிக்கு.

அங்கே தளத்தில் ஒரு கீறல் வழியாக வெள்ளையாக ஏதோ கசிந்து, சொட்டுச் சொட்டாக இறங்கி, அப்படியே உறைந்துபோயிருந்தது. சில இடத்தில் ஊசி ஊசியாக, சில இடத்தில் மெழுகு வழிந்ததுபோல. நுனியில் ஒரு துளி விழலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தது.

“பாத்தியா? சிமிட்டியில பால் வடியுது. கல்லுக்கே பால் குடுக்கறவ உனக்குக் குடுக்க மாட்டாளா?”

குழந்தையை அந்த இடத்துக்கு நேர் கீழே படுக்கவைக்க வேண்டும். மஞ்சளைக் குழைத்துத் தளத்தில் பூச வேண்டும். அந்த வெள்ளையை விரலால் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் முறை. முன்னால் வந்த பெண்கள் பூசிய இடங்கள் சிவந்து கிடந்தன.

“மஞ்சதான் பூசறோம். செவந்துடறா பாரு. உசுரு இல்லாத பொருளு செவக்குமா?” என்றாள் தேசம்மா.

நான் பூசினேன். நம்பினேனா என்று கேட்டால் தெரியாது. நம்பாமல் இருக்கவும் பயமாக இருந்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம், “அந்த வெள்ளை என்னங்க?” என்று மட்டும் கேட்டேன்.

“தண்ணி உள்ளே இறங்கி, சிமிட்டியிலே இருக்கிற சுண்ணாம்பைக் கரைச்சுக்கிட்டு வெளியே வருது.”

“அது நல்லதா, கெட்டதா?”

“அந்தத் தண்ணி உள்ளே இருக்கிற கம்பியைத் தொடலைன்னா பரவாயில்லை.”

“தொட்டிருந்தா?”

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். என் குழந்தையை எதன் அடியில் படுக்கவைத்தேன் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

மோட்டாரிலிருந்து தெரிந்தது

அதற்குப் பிறகு பெரிய இஞ்சினியர் ஏத்தத்தைப் பார்க்க வந்தார். வெயில் கடுமையாக இருந்ததோ, மீன் வாடை ஒத்துக்கொள்ளவில்லையோ, மோட்டாரைவிட்டு இறங்கவில்லை. சாலையிலிருந்தே கழுத்தை நீட்டிப் பார்த்தார். அடிப்பக்கம் முழுக்கச் சிவப்பு.

“துரு. உள்ளே கம்பி எல்லாம் துருப்பிடித்துவிட்டது. இதை இடிக்கவேண்டியதுதான்” என்றார்.

என் கணவர் தயங்கி, “கிட்டத்தில் பார்த்துச் சொல்கிறேன்” என்றாராம். “அடுத்த வாரத்துக்குள் சொல். இல்லாவிட்டால் இரண்டு பக்கமும் மறித்துவிடு” என்று சொல்லி மோட்டார் போய்விட்டது.

இவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் போனார். சிமிட்டியை லேசாகத் தட்டினால் உள்ளே கெட்டியாக இருக்கிற இடம் ஒரு விதமாக ஒலிக்கும், கழன்று நிற்கிற இடம் வேறு விதமாக ஒலிக்கும். அதுதான் அவர்கள் தொழிலில் முதல் பரீட்சை. கையை ஓங்கினாரோ இல்லையோ, அத்தனை பெண்களும் எழுந்துவிட்டார்கள்.

“யோவ் நைனா! இன்னா பண்ற? ஆத்தா மேல சுத்தி வைக்கறியே, கை வெளங்குமா?”

“தட்டிப் பார்த்தாத்தானம்மா உள்ளே என்ன இருக்குன்னு தெரியும்.”

“உள்ள இன்னா கீது? ஆத்தா கீறா. வூட்டுல உம் பொஞ்சாதியக் கேளு. அவளும் மஞ்ச பூசிகினுதான் போனா.”

அவர் சுத்தியலைப் பைக்குள் வைத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தார். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

“நீயும் பூசினியாமே?”

கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். “ஆமாங்க” என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. மணை போட்டு உட்கார்ந்துகொண்டார். “மஞ்சள் பூசின இடம் சிவக்குதா?” என்று கேட்டார்.

“சிவக்குது.”

“அப்போ அந்தச் சிவப்பு துரு இல்லையா?”

“ஆரத்திச் சிவப்புங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா...”

“எல்லாமே ஆரத்தியா? நிச்சயமா?”

நிச்சயமா என்று என்னைக் கேட்கவே கூடாது. யாராவது அப்படிக் கேட்டால் என் பெயரிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கல்யாண வேட்டி

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் கல்யாணத்தில், ஊர்வலம் முடிந்து வந்து வாசலில் நின்றோம். ஆரத்தி சுற்ற வந்த அத்தைக்குப் பார்வை சரியில்லை. தட்டு சாய்ந்து, ஆரத்தி நீர் முழுவதும் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில். வெள்ளை வேட்டியில் ரத்தம் கொட்டினதுபோல ஆயிற்று. எல்லாரும் ஐயோ ஐயோ என்றார்கள்.

முந்திக்கொண்டு ஏதாவது செய்யும் வழக்கம் எனக்குக் கிடையாது. அன்று என்ன தோன்றிற்றோ! மாப்பிள்ளை கையில் கொடுத்திருந்த எலுமிச்சம்பழத்தைப் பிடுங்கி, கடித்து, வேட்டியில் தேய்த்துவிட்டேன். எதைத் தேய்த்தாலும் கறை போகும் என்று ஒரு நினைப்பு. சிவப்பு போயிற்று. அந்த இடமெல்லாம் பளிச்சென்று மஞ்சளாயிற்று. முன்பு இருந்ததைவிடப் பெரிய கறை.

மாமியார் அதை வெகுகாலம் சொல்லிக் காட்டினார்கள்.

அரிசி களைந்த தண்ணீரை நான் கொட்டிக்கொண்டிருக்கும்போது என் கணவர் சட்டென்று, “என் வேட்டி!” என்றார்.

எனக்கும் அதே சமயத்தில் ஞாபகம் வந்தது.

உடனே வீட்டிலேயே பார்த்தோம். சுண்ணாம்பு அடித்த சமையலறைச் சுவரில் மஞ்சளைக் குழைத்துப் பூசினேன், சிவந்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தேன், மஞ்சளாயிற்று. கிணற்றடியில் கிடந்த பழைய கொக்கியின் துருவில் பிழிந்தார். ஈரமாயிற்று, சிவப்பு சிவப்பாகவே இருந்தது.

“ஆனா துணியிலே துருக்கறைக்கு எலுமிச்சம்பழம் தேய்ப்பாங்களே?” என்றேன்.

“அது உப்பு வெச்சு வெயில்லே கிடந்து மெள்ளப் போறது. இது உடனே.”

அவருக்கு நிச்சயம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. கொக்கித் துரு வேறு, சிமிட்டிக்குள்ளிருந்து வருகிற துரு வேறாக இருந்தால்?

“நான் பிழிஞ்சா அந்தப் பொம்பளைங்க விடமாட்டாங்க. நீ வா” என்றார்.

எலுமிச்சம்பழம்

ஆக, வெள்ளிக்கிழமை.

ஆத்தாளுக்கு எலுமிச்சம்பழம் பிழிவதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. “வேண்டுதலா? பண்ணு, பண்ணு” என்றார்கள். இரண்டு கையும் வேண்டியிருந்ததால் தேசம்மா என் குழந்தையை வாங்கி மற்றக் குழந்தைகளோடு விரிப்பில் விட்டாள். பக்கத்தில் நான் கொண்டுவந்திருந்த பாலாடையையும் வைத்தாள்.

முதல் திட்டில் பிழிந்தேன். சாறு என் முழங்கை வழியாக ரவிக்கைக்குள் ஓடிற்று. சிவப்பு ஓரத்திலிருந்து கலைந்து, கண்ணெதிரே மஞ்சளாயிற்று.

கிழவி ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“சாந்தமாய்ட்டாடி! ஆத்தா சாந்தமாய்ட்டா!”

எனக்கு உடம்பு கூசிற்று. இல்லை அம்மா, இது மஞ்சளும் சுண்ணாம்பும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டேன். அடுத்த திட்டில் பிழிந்தேன். அதுவும் மஞ்சள். அதற்கடுத்ததும். ஒவ்வொன்றுக்கும் ஆரவாரம் பெரிதாயிற்று. தூரத்தில் நின்ற என் கணவரின் முகத்தில் வாரக்கணக்கில் பார்க்காத தெளிவு.

கடைசியாக, கீறலை ஒட்டி மூலையில் ஒரு திட்டு. நானே மஞ்சள் பூசின இடம். பிழிந்தேன். மேலாக மஞ்சளாயிற்று. அதற்கு அடியில் மட்டும் ஒரு கோடு, காய்ந்த மிளகாய் நிறத்தில், அப்படியே நின்றது.

சாறு போதவில்லையோ என்று இன்னொரு பழத்தைப் பிழிந்தேன். கோடு மாறவில்லை. விரலால் தேய்த்தேன். மாறவில்லை. பழம் அழுகலோ? என் கண்தான் சரியில்லையோ? நான் பூசிய மஞ்சளே இத்தனை நாளும் அதை மூடி வைத்திருந்ததோ?

“என்னங்க” என்றேன்.

அவர் வந்து பார்த்தார். பக்கத்தில் தேசம்மாவும் அண்ணாந்து பார்த்தாள். அவள் குரல் இறங்கிவிட்டது.

“இங்க மட்டும் கோவம் போவலியே.”

என் கணவர் மெதுவாக, “ஆமாம்மா. இங்கே மட்டும் போகலை” என்றார்.

அந்தக் கோட்டுக்கு நேர் கீழேதான் விரிப்பு. அதில்தான் குழந்தைகள்.

“கொயந்திங்கள எடுங்கடி!” தேசம்மா போட்ட சத்தத்தில் சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “ஜல்தி! அவ கோவமா கீற எடத்துல குந்திகினு கீறோம், அறிவு வாணாம்?”

யார் குழந்தை யாருடையது என்று பார்க்கவில்லை. கைக்கு அகப்பட்டதைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கு ஓடினோம். என் கையில் இருந்தது வேறொருத்தியின் பிள்ளை. என் பெண் தேசம்மாவின் தோளில் அலறிக்கொண்டிருந்தாள்.

தேசம்மா என் கணவரைப் பார்த்தாள். “இப்ப தட்டு நைனா. மெதுவா. மன்னாப்பு கேட்டுகினு தட்டு.”

அவர் மன்னிப்புக் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது. உதடு அசைந்தது. சற்றுத் தள்ளி ஒரு தட்டு. கணீரென்று கேட்டது. கோட்டின்மேல் ஒரு தட்டு, பொத்தென்று கேட்டது. பின்னுக்கு நகர்ந்து, கையை எட்ட நீட்டி இன்னொரு முறை தட்டினார்.

முறத்தளவு சிமிட்டி அப்படியே பெயர்ந்து விழுந்தது.

புழுதி அடங்கியதும் பார்த்தோம். மேலே பள்ளத்துக்குள் கம்பி தெரிந்தது. கம்பி என்று சொல்ல முடியாது. வெங்காயச் சருகுபோல அடுக்கடுக்காக ஊதி உதிர்ந்துகொண்டிருந்தது. கீழே, விரிப்பின்மேல் சிமிட்டிப் பாளம். அதை அவர் புரட்டினார். அடியில் என் பெண்ணின் பாலாடை இலைபோலச் சப்பையாகிக் கிடந்தது.

மேலே யாரோ கைவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. “ஏய், நில்லு! எறங்கு!” என்று இவர் கத்திக்கொண்டே ஓடினார்.

தேசம்மா என் பெண்ணை என்னிடம் கொடுத்தாள். வாங்கி அணைத்துக்கொண்டபோதுதான் தெரிந்தது, என் மாராப்பு நனைந்திருந்தது. எலுமிச்சம்பழச் சாறு என்று நினைத்தேன். சாறு இல்லை.

முட்டுக்கட்டை

பெரிய இஞ்சினியர் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை இறங்கினார். எது துரு, எது துரு இல்லை என்று எப்படிப் பிரித்தாய் என்று கேட்டாராம். “எலுமிச்சம்பழம்” என்று இவர் சொன்னாராம். அவர் விழுந்து விழுந்து சிரித்தாராம். சிரித்து முடித்துவிட்டு, ஏத்தத்தை இடிக்க வேண்டாம், கீறல் இருக்கிற பாதியை மட்டும் மறித்து, அடியில் முட்டுக் கொடுத்து, கெட்டதை வெட்டி எடுத்துப் புதுக் கம்பி வைக்கலாம் என்று உத்தரவு போட்டார். மற்றப் பாதியில் ஜனங்கள் நடந்தார்கள். வண்டிக்கு அடியில் யாரும் குனிய வேண்டியிருக்கவில்லை.

முட்டுக் கொடுக்க மரத்தூண்கள் வந்து இறங்கின. மறுநாளே பெண்கள் அவற்றுக்கும் மஞ்சள் பூசிவிட்டார்கள். மரத்தில் மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

“பாத்தியா ஓர்சியரம்மா? கட்டையில அவ இல்ல. அதான் செவக்கல” என்றாள் தேசம்மா.

கட்டையில் சுண்ணாம்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டும் ஒன்றுதானோ என்று அந்த நிமிஷத்தில் எனக்கே தோன்றிவிட்டது.

பால் அன்றைக்குப் பிறகு போதிய அளவு வந்தது. சுறாவா, பூண்டா, பயமா, கல்லா என்று என் கணவரைக் கேட்டேன். “வந்துடுச்சில்ல, விடு” என்றார். எனக்கு விடத் தெரியாது. சப்பையான பாலாடையைத் தட்டானிடம் கொடுத்து நிமிர்த்தலாம் என்றார்கள். கொடுக்கவில்லை. பெட்டியில் அப்படியே கிடக்கிறது.

என் பெண் இப்போது நடக்கிறாள். ஏத்தத்தில் என் விரலைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி ஏறுகிறாள். ஏறுவதற்கு முன் அவளைத் தேசம்மாவின் கூடையருகே உட்காரவைத்துவிட்டு, நான் மட்டும் அடியில் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. புதுச் சிவப்பு ஏதாவது இருந்தால் முந்தானையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துப் பிழிகிறேன்.

அங்கே இருக்கிற பெண்கள் என்னைப் பெரிய பக்தை என்கிறார்கள். என் கணவர், இலாகா எனக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும் என்கிறார். நானோ, சாறு ஓடுகிறபோது கண்ணை மூடிக்கொள்கிறேன். மஞ்சளாகிவிட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அப்புறம்தான் கண்ணைத் திறந்து பார்க்கிறேன்.